5% டெக்ஸ்ட்ரோஸ் ஐசோடானிக்கா, ஹைப்போடானிக்கா? முதலாண்டு மாணவனின் சந்தேகம்

லயம்5 | 07.10.2024, இரவு 9.12

மருத்துவம் சேர்ந்து மூன்றாவது வாரம். ஒரு லெக்சரர் 5% டெக்ஸ்ட்ரோஸ் (ட்ரிப்பில் ஏற்றும் சர்க்கரைத் தண்ணீர்) ஐசோடானிக், அதாவது ரத்தத்துக்குச் சமமான அடர்த்தி என்றார். இரண்டு நாள் கழித்து இன்னொருவர் அதே டெக்ஸ்ட்ரோஸை ஹைப்போடானிக் (ரத்தத்தை விட நீர்த்தது) பட்டியலில் போட்டார். கேட்டால் இரண்டும் சரி என்கிறார்கள். அது எப்படி? உடம்புத் தண்ணீரை 42 லிட்டர், 28, 14 என்று பிரிக்கிற கணக்கெல்லாம் எதற்கு மனப்பாடம்? மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பக்கம் கேட்க ஆளில்லை. தெரிந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

பால்வாளி | 07.10.2024, இரவு 10.05

பைக்குள் இருக்கும்வரை ஐசோடானிக். உடம்புக்குள் போன பிறகு வெறும் தண்ணீர்.

கணக்கு போடு தம்பி. 5% என்றால் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். மூலக்கூறு எடை 180. 50ஐ 180ஆல் வகுத்தால் 0.278 மோல், அதாவது 278 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அளவு). பிளாஸ்மா (ரத்தத்தில் செல்கள் போக மிச்சமுள்ள நீர்) 275இலிருந்து 295க்குள். ஏறத்தாழ சமம். அதனால் ஊசி முனையில் சிவப்பணு வெடிக்காது. வெறும் தண்ணீரை நேராக ஏற்றினால் அந்த இடத்திலேயே சிவப்பணு வெடிக்கும். தண்ணீர் உள்ளே நுழைய வாங்கிய டிக்கெட்தான் அந்தச் சர்க்கரை. உள்ளே போனதும் செல்கள் சர்க்கரையை எரித்துவிடும். மிச்சம் தண்ணீர் மட்டும்.

ஆக முதல் லெக்சரர் பையைப் பற்றிப் பேசினார், இரண்டாமவர் நோயாளியைப் பற்றிப் பேசினார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பால்வாளி | 07.10.2024, இரவு 10.38

42 எதற்கு என்று கேட்டாய். 70 கிலோ ஆணுக்கு எடையில் 60% தண்ணீர், 42 லிட்டர். மூன்றில் இரண்டு பங்கு (28) செல்லுக்குள். ஒரு பங்கு (14) வெளியே. அந்த 14இல் முக்கால்வாசி செல்களுக்கு இடையில், கால்வாசி பிளாஸ்மா, 3 லிட்டர்.

லயத்து வீடுகளை (தோட்டத்து வரிசை வீடுகள்) நினைத்துக்கொள். வீட்டுக்குள் 28 பேர். வாசலிலும் சந்திலும் 11 பேர். பெரிய ரோட்டில் 3 பேர். நாம் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பும்போது ரோட்டில் போகிற 3 பேரைத்தான் விசாரிக்கிறோம். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். முதலாண்டில் வருகிற எண்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் சிக்கிக் கிடக்கிறது: இந்த எண் எந்தப் பகுதியின் எண்?

இப்போது ஒரு லிட்டர் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்று. தண்ணீருக்கு வாசல், வீடு எல்லாம் ஒன்றுதான். மூன்றில் இரண்டு பங்கு செல்லுக்குள் போய்விடும். வெளியே நிற்பது 333 மில்லி. அதில் கால்வாசி, 83 மில்லி, ரத்தக் குழாயில். ஒரு லிட்டர் ஏற்றி கால் கிளாஸ் நின்றது.

ஒரு லிட்டர் சலைன் (0.9% உப்புத் தண்ணீர்) ஏற்று. சோடியத்தை செல் உள்ளே தங்க விடாது. சோடியம்–பொட்டாசியம் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது (யென்ஸ் ஸ்கோ 1957இல் கண்டுபிடித்தது, நோபல் கிடைத்தது 1997இல்தான்). சோடியம் வெளியே நின்றால் தண்ணீரும் அதோடு வெளியே நிற்கும். 14 லிட்டர் பகுதிக்குள் பரவி, கால்வாசி, 250 மில்லி, குழாயில் தங்கும். ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றாதே என்பதற்குக் காரணம் இந்த 83க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம்.

மேடான் மாணவி | 08.10.2024, காலை 7.20

14இல் கால்வாசி 3.5 தானே? 3 எங்கிருந்து வந்தது? உங்கள் ரோட்டில் அரை ஆளைக் காணோம் அண்ணே.

பால்வாளி | 08.10.2024, காலை 8.02

பிடித்துவிட்டாய். கால்வாசிக் கணக்கில் 3.5. ஆனால் ரத்தம் 5 லிட்டர், ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 40% என்று எடுத்தால் சிவப்பணு 2 லிட்டர், பிளாஸ்மா 3 லிட்டர். இரண்டு வழியிலும் புத்தகங்கள் போடும். தேர்வில் எந்த வழி கேட்கிறார்களோ அந்த வழியில் எழுது. 60% என்பதும் வாலிப ஆணுக்குத்தான். பெண்ணுக்கு 50% பக்கம், பிறந்த குழந்தைக்கு 75% பக்கம், முதியவருக்குக் குறைவு. கொழுப்பில் தண்ணீர் கம்மி, அதுதான் காரணம்.

இன்னொன்று. 83, 250 என்பதெல்லாம் பரவி முடிந்த பிறகு. பை ஓடிக்கொண்டிருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்த்தால் இந்த எண் வராது. அரை மணி நேரமாவது ஆகும்.

லயம்5 | 08.10.2024, மாலை 6.45

அப்படியானால் ஆஸ்மோலாரிட்டி, டோனிசிட்டி இரண்டும் ஒன்று இல்லையா? நான் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பால்வாளி | 08.10.2024, இரவு 9.30

அடித்துவிடு. ஆஸ்மோலாரிட்டி என்பது மொத்தத் துகள் எண்ணிக்கை. டோனிசிட்டி என்பது சவ்வைத் தாண்ட முடியாத துகளை மட்டும் எண்ணுவது. செல் வீங்குமா சுருங்குமா என்பதை இரண்டாவதுதான் தீர்மானிக்கும்.

பிராக்டிகலில் செய்து பார்க்கலாம். நான்கு டியூப். ஒவ்வொன்றிலும் 5 மில்லி: 0.9% சலைன், 0.3% சலைன், 5% குளுக்கோஸ், 1.8% யூரியா. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம். மெதுவாகத் தலைகீழாக்கி நிமிர்த்து, குலுக்காதே. சில நிமிடம் கழித்து டியூபுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடி. எழுத்து தெரியாமல் கலங்கலாக இருந்தால் சிவப்பணு முழுசாக இருக்கிறது. சிவப்பு நிறத்தோடு தெளிவாகி எழுத்து தெரிந்தால் வெடித்துவிட்டது.

யூரியா மூலக்கூறு எடை 60. லிட்டருக்கு 18 கிராம் என்றால் 300 மில்லி ஆஸ்மோல். 0.9% சலைனுக்குக் கிட்டத்தட்ட சமம். இருந்தாலும் யூரியா டியூப் தெளிந்துவிடும், 0.3% டியூபும் தெளிந்துவிடும். யூரியா செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது. எண்ணிக்கையில் சமம், டோனிசிட்டியில் பூஜ்யம் மாதிரி.

தப்பு நடக்கிற இடங்கள்: கழுவிய டியூபைக் காயவைக்காமல் எடுப்பது, உள்ளே தங்கிய தண்ணீர் சலைனை நீர்க்க வைக்கும். பைப்பெட்டை அழுத்திப் பீய்ச்சுவது, செல் அடிபட்டே உடையும், பிறகு நாலு டியூபும் சிவப்பு. ஒரே பைப்பெட்டை நாலுக்கும் பயன்படுத்துவது. கையுறை போடாமல் செய்வதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பழைய எச்.ஏ. | 09.10.2024, காலை 6.10

இதோடு ஒன்று. ரத்தம் ஏற்றுகிற லைனில் டெக்ஸ்ட்ரோஸ் கூடாது, செல் கட்டிப்படும், வெடிக்கும். ஹார்ட்மேன்ஸும் (இன்னொரு ட்ரிப் கரைசல்) கூடாது, அதில் கால்சியம் இருக்கிறது, ரத்தப் பையில் உறையாமல் இருக்கப் போட்ட சிட்ரேட்டை அது பிடித்துக்கொள்ளும். சலைன் மட்டும்.

பால்வாளி | 09.10.2024, இரவு 8.50

எச்.ஏ. (ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்) ஐயா சொன்னதை எழுதி வைத்துக்கொள், மூன்றாமாண்டில் கேட்பார்கள்.

“நார்மல்” சலைனில் நார்மல் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள். வேதியியலில் நார்மல் என்றால் லிட்டருக்கு 58.5 கிராம் உப்பு. இதில் 9 கிராம்தான். ரத்தத்தோடு ஒப்பிட்டாலும் நார்மல் இல்லை: லிட்டருக்கு சோடியம் 154 மில்லிமோல், குளோரைடு 154. ரத்தத்தில் சோடியம் 135–145, குளோரைடு 100 பக்கம். சோடியத்தை விடக் குளோரைடுதான் அளவுக்கு மிஞ்சி வருகிறது. லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தம் அமிலப் பக்கம் சாயும்.

ஹார்ட்மேன்ஸில் சோடியம் 131, குளோரைடு 111, பொட்டாசியம் 5, கால்சியம் 2, லாக்டேட் 29. இதன் தாத்தா ரிங்கர் கரைசல். 1880களில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். உதவியாளர் காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதில் லண்டன் குழாய்த் தண்ணீரில் கரைத்திருந்தார். சுத்தத் தண்ணீரில் செய்தபோது இதயம் துடிக்க மறுத்தது. குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்ததுதான் விஷயம்.

மேடான் மாணவி | 10.10.2024, பகல் 1.15

விடுமுறையில் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பாட்டியின் படுக்கையில் “3 பைண்ட் என்.எஸ்., 2 பைண்ட் டி5” என்று எழுதியிருந்தார்கள் (நார்மல் சலைன், 5% டெக்ஸ்ட்ரோஸ்). பைண்ட் என்றால் 568 மில்லிதானே?

பால்வாளி | 10.10.2024, இரவு 9.05

பிரிட்டிஷ் பைண்ட் 568, அமெரிக்க பைண்ட் 473. மலேசிய வார்டில் பைண்ட் என்றால் 500 மில்லி பை, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல், அளவு மட்டும் மாறிப்போனது. வேறு நாட்டில் படிக்கிறவர்கள் அங்கே போய் பைண்ட் என்று சொல்லாதீர்கள்.

அந்த 3+2ஐக் கூட்டிப் பார்ப்போம். மொத்தம் 2500 மில்லி. சலைன் 1500இல் சோடியம் 231 மில்லிமோல். உப்பாகச் சொன்னால் 13.5 கிராம். நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. டெக்ஸ்ட்ரோஸ் 1000இல் குளுக்கோஸ் 50 கிராம். பொட்டாசியம் பூஜ்யம்.

வாயால் எதுவும் சாப்பிடாத, வேறு இழப்பு இல்லாத பெரியவருக்குத் தேவை: கிலோவுக்கு 25–30 மில்லி தண்ணீர், சோடியமும் பொட்டாசியமும் கிலோவுக்கு 1 மில்லிமோல் பக்கம், குளுக்கோஸ் 50–100 கிராம். 50 கிலோ பாட்டிக்கு 1250–1500 மில்லி, சோடியம் 50. மனப்பாடமாக எழுதுகிற 3+2 அவருக்குத் தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சோடியத்தில் நாலு மடங்குக்கு மேல். உங்கள் பாட்டிக்கு ஏன் அப்படிப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, வாந்தி, காய்ச்சல் இருந்தால் கணக்கு வேறு. ஆனால் எடை பார்க்காமல் எழுதுகிற பழக்கம் கெட்ட பழக்கம்.

லயம்5 | 12.10.2024, மாலை 5.40

எங்கள் லயத்தில் இரண்டு வீட்டில் டெங்கி. கிளினிக்கில் தினமும் எச்.சி.டி. (ஹீமடோக்ரிட்) பார்க்கிறார்கள். பிளேட்லெட் பார்ப்பது புரிகிறது. எச்.சி.டி. எதற்கு?

பால்வாளி | 12.10.2024, இரவு 10.20

பிளேட்லெட்டை வீட்டார் கேட்பார்கள். டாக்டர் அதோடு எச்.சி.டி.யையும் கூர்ந்து பார்ப்பார்.

டெங்கியில் ரத்தக் குழாய்ச் சுவர் கசியும். கசிவது பிளாஸ்மா, சிவப்பணு குழாயிலேயே நிற்கும். 5 லிட்டர் ரத்தம், 2 லிட்டர் சிவப்பணு, 40%. ஒரு லிட்டர் பிளாஸ்மா வயிற்றிலும் நெஞ்சறையிலும் கசிந்துவிட்டது. இப்போது 4 லிட்டரில் 2 லிட்டர், 50%.

ஒரு லிட்டர் ரத்தமாகவே போனால்? சிவப்பணு 1.6, மொத்தம் 4. அதே 40%. வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டுகிறவருக்கு உடனே எடுத்த ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறுவது இதனால்தான். வாசலில் நிற்கிற நீர் ரோட்டுக்கு இறங்கி வந்து, அல்லது நாம் ட்ரிப் போட்டு, நீர்த்த பிறகுதான் எண் இறங்கும்.

மாணவர்கள் தவறுகிற இடம்: “20% ஏற்றம்” என்றால் 40இலிருந்து 60 அல்ல. 40இல் 20% என்பது 8. ஆக 48.

அடுத்த தவறு, ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்வது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்குத் தொடக்கமே 33ஆக இருக்கலாம். அவருக்கு 40 என்பது 21% ஏற்றம். தாளில் பார்த்தால் அழகான நார்மல். அதனால்தான் முதல் நாள் எண் வேண்டும்.

காய்ச்சல் விட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுகிற நேரம்தான் கசிவின் நேரம். பெரும்பாலும் 3இலிருந்து 7ஆம் நாளுக்குள், 24–48 மணி நேரம் நீடிக்கும். இன்னொரு கண்ணி: எச்.சி.டி. இறங்குகிறது, ஆனால் நாடித் துடிப்பு வேகம், கைகால் சில்லென்று. அது தேறுவது அல்ல, உள்ளே எங்கோ ரத்தம் போகிறது.

பால்வாளி | 13.10.2024, காலை 7.50

கசிவு பற்றி எழுதிவிட்டுப் படுத்த பிறகு ஒன்று உறுத்தியது. உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் 1896இல் சொன்னதை எல்லாரும் இப்படிப் படித்திருப்போம்: நுண்குழாயின் தமனிப் பக்கம் அழுத்தம் 35 மி.மீ. பாதரசம், நீர் வெளியே. சிரைப் பக்கம் 15, ஆல்புமின் இழுவை 25, அதனால் நீர் உள்ளே திரும்பும். நாளைக்கு 20 லிட்டர் வெளியே, 17 உள்ளே, 3 நிணநீரில்.

இந்தப் படம் இப்போது திருத்தப்பட்டுவிட்டது. குழாயின் உட்சுவரில் கிளைகோகேலிக்ஸ் என்று ஒரு சர்க்கரைப் படலம் இருக்கிறது. ஆல்புமின் இழுவை அந்தப் படலத்துக்கு அடியில் உள்ள நீரை எதிர்த்துத்தான் வேலை செய்கிறது, வெளியே உள்ள நீரை எதிர்த்து அல்ல. பெரும்பாலான திசுக்களில் சிரைப் பக்கம் நிரந்தரமாகத் திரும்புவது இல்லை. திருப்பிக் கொண்டுவருவது நிணநீர்தான். சிறுநீரகம், குடல் போன்ற இடங்கள் விலக்கு. முதலாண்டுத் தேர்வில் பழைய படத்தைக் கேட்டால் பழைய படத்தை வரை. மனதில் மட்டும் பென்சிலால் வைத்துக்கொள், பேனாவால் எழுதாதே.

செம்பனை | 13.10.2024, மாலை 4.30

படிப்பாளிகள் பேசுகிற இடத்தில் குலை வெட்டுகிறவன் ஒருவன். கடையில் “ஐசோடானிக்” என்று டின்னில் விற்கிறார்களே, வெயிலில் அதைக் குடிப்பது ட்ரிப் ஏற்றுவது மாதிரியா?

பால்வாளி | 13.10.2024, இரவு 9.15

நல்ல கேள்வி அண்ணே. டின்னில் இருக்கிற ஐசோடானிக், பையில் இருக்கிற டெக்ஸ்ட்ரோஸ் மாதிரிதான். எண்ணிக்கையில் பெரும்பகுதி சர்க்கரை. சர்க்கரை எரிந்துவிட்டால் கொஞ்சம் உப்பு போட்ட தண்ணீர். வேர்வைக்குப் பரவாயில்லை, வேர்வையும் ரத்தத்தை விட உப்பு குறைந்ததுதான். வயிற்றுப்போக்குக்கு உதவாது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசல்). 2002இல் உலகச் சுகாதார நிறுவனம் மாற்றிய அளவு, லிட்டருக்கு: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சோடியம் 75, குளுக்கோஸ் 75, மொத்தம் 245 மில்லி ஆஸ்மோல். குடல் சுவரில் ஒரு கதவு, 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். காலரா அந்தக் கதவைக் கெடுப்பதில்லை. சர்க்கரை கூடினால் மிச்சம் குடலிலேயே நின்று தண்ணீரை இழுக்கும், போக்கு அதிகமாகும். இனிப்பு பானம் கொடுத்து மோசமாவது அதனால்தான்.

பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் எத்தனை மில்லி தண்ணீர் என்று பாருங்கள். லிட்டர் பாக்கெட்டும் உண்டு, சின்னப் பாக்கெட்டும் உண்டு. லிட்டர் பாக்கெட்டை ஒரு கிளாஸில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு ஏறி ஆபத்து. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீர் கொடுக்காதீர்கள்.

மேடான் மாணவி | 15.10.2024, இரவு 8.00

சோடியம் 125 என்றால் உப்பு குறைவு, உப்பு கொடு. சரியா?

பால்வாளி | 15.10.2024, இரவு 8.41

இல்லை. சோடியம் எண் என்பது தண்ணீருக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதம். கையிருப்பைச் சொல்லாது. மூன்று பேருக்கு 125: வாந்தியும் போக்குமாகி வெறும் தண்ணீர் குடித்தவர் (சோடியம் கையிருப்பு குறைவு), இதயம் பழுதாகிக் கால் வீங்கியவர் (கையிருப்பு அதிகம், தண்ணீர் அதைவிட அதிகம்), ஏ.டி.எச். (உடம்பில் தண்ணீரைத் தேக்கும் ஹார்மோன்) அதிகமாகச் சுரக்கிறவர் (கையிருப்பு கிட்டத்தட்ட சரி, தண்ணீர் மட்டும் அதிகம்). இரண்டாமவருக்கு உப்பு கொடுத்தால் மூச்சுத் திணறும். எண்ணைப் பார்க்கும் முன் காலைப் பார், கழுத்துச் சிரையைப் பார், நாக்கைப் பார்.

பால்வாளி | 15.10.2024, இரவு 9.10

பொட்டாசியத்தில் இதே கதை, இன்னும் பயங்கரம். உடம்பில் மொத்தம் 3500 மில்லிமோல் பக்கம். செல்லுக்கு வெளியே 14 × 4 = 56 மட்டும். லேப் தாளில் வருவது அந்த 56இன் சாயல்.

கே.சி.எல். (பொட்டாசியம் குளோரைடு) ஆம்பூல் 10 மில்லி, 10%: 1 கிராம், 13.4 மில்லிமோல். பரவ நேரம் கொடுக்காமல் 3 லிட்டர் பிளாஸ்மாவில் தள்ளினால் 4 இருந்த எண் 8.5க்குத் தாவும். இதயம் நிற்கும். கலக்காமல் ஒருபோதும் ஏற்றக்கூடாது என்பது இந்த வகுத்தலில் இருக்கிறது. பையில் போட்ட பிறகு நன்றாகக் கலக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தங்கி முதலில் அதுவே ஓடும்.

6.8 என்று லேபிலிருந்து வந்தால் பதறும் முன், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்த விதத்தைக் கேள். டூர்னிகெட் ரொம்ப நேரம் கட்டியது, கையை மூடித் திற என்று சொன்னது, சிரிஞ்சால் இழுத்து டியூபில் வேகமாகப் பீய்ச்சியது, எல்லாமே செல்லுக்குள் இருக்கிற பொட்டாசியத்தை வெளியே வரவைக்கும். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருப்பது பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. அதிலிருந்து வேறு டியூபுக்கு ஊற்றினால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் விழும். இரண்டும் சேர்ந்து கோணலாக வந்தால் டியூப் மேல் சந்தேகப்படு.

லயம்5 | 17.10.2024, இரவு 7.30

சொட்டுக் கணக்கு சொல்லித் தாருங்கள். ஃபார்முலா மறந்து போகிறது.

பழைய எச்.ஏ. | 17.10.2024, இரவு 8.10

ஃபார்முலா வேண்டாம். செட் உறையில் மில்லிக்கு எத்தனை சொட்டு என்று போட்டிருக்கும். 20 என்றால் மணிக்கு ஓட வேண்டிய மில்லியை 3ஆல் வகு, நிமிடத்துக்கான சொட்டு. 15 என்றால் 4ஆல் வகு. 60 என்றால் வகுக்கவே வேண்டாம்.

லயம்5 | 17.10.2024, இரவு 8.32

500 மில்லி, 6 மணி நேரம், 15 சொட்டு செட். மணிக்கு 83. நாலால் வகுத்தால் 21. சரியா?

பால்வாளி | 17.10.2024, இரவு 8.40

சரி. உறையைப் பார்க்காமல் 60 சொட்டு செட்டில் அதே 21ஐ வைத்தால்?

லயம்5 | 17.10.2024, இரவு 8.47

மணிக்கு 21 மில்லி. பை தீர ஏறக்குறைய 24 மணி நேரம்!

பழைய எச்.ஏ. | 17.10.2024, இரவு 9.02

அதோடு, எண்ணும்போது ஒரு நிமிடம் முழுசாக எண்ணு. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் 20 வரும், 24 வரும், 21 வரவே வராது. நோயாளி கையை மடக்கினாலும் மாறும், எழுந்து கழிவறைக்குப் போய் வந்தாலும் மாறும். திரும்பப் போய் எண்ணு.